நிறுத்தின பிறகு கேட்கும் சத்தம்

மொத்தம் எட்டு மோட்டார். மேசை மேல் வரிசையாக வைத்து ஒன்றிலிருந்து எட்டு வரை சாக்பீஸில் எண் போட்டிருக்கிறார் ஃபோர்மேன் சென்னியப்பன் அண்ணன். எட்டில் ஒன்றுக்கு பேரிங் சரியில்லை, எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். காதால் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டால் நான் மறுபடி டெஸ்டிங் ஆள், இல்லாவிட்டால் இந்த ஐந்து மாதம் போலவே பேக்கிங்கில் அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டு கிடக்க வேண்டியதுதான். அவ்வளவுதான் விஷயம், இதற்குப் போய் நெஞ்சு இப்படியா அடித்துக்கொள்ளும், மதியம் தயிர்ச்சோற்றில் பாதியை அப்படியே மூடி வைத்துவிட்டேன், உள்ளங்கை இரண்டும் ஈரம், ஆனால் பயம் இல்லை, பயம் என்றால் வயிற்றில் கல் மாதிரி உட்காரும், இது அப்படி இல்லை, இது உள்ளே யாரோ ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி, சிரிப்புக்கூட வருகிறது, உதட்டைக் கடித்துக்கொள்கிறேன், மேனேஜர் கிரிதரன் சார் கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது சிரிக்கவா முடியும். கால் மணி நேரம் கொடுத்திருக்கிறார். கம்பிச் சுருள் சுற்றுகிற வைண்டிங் பக்கம் வேலை நடக்கிறது, கம்ப்ரஸர் ஓடுகிறது, அதையெல்லாம் நிறுத்த முடியாது என்று முன்பே சொல்லிவிட்டார், தினம் இந்தச் சத்தத்துக்கு நடுவில்தானே வேலை என்று கேட்டார், நியாயம்தான். அந்தச் சத்தமெல்லாம் போகட்டும், என் வலது காதுக்குள் இருக்கிற விசில் இருக்கிறதே, அதுதான் இன்றைக்குப் பெரிய தொந்தரவு, ஏனென்றால் எனக்குப் பதற்றம் வந்தால் அது கூடும், சந்தோஷம் வந்தாலும் கூடும், அதற்கு வித்தியாசம் தெரியாது, காலையில் எழுந்ததிலிருந்தே குக்கர் விசில் வந்து நிற்காமல் நீண்டுகொண்டே போகிற மாதிரி போய்க்கொண்டிருக்கிறது. கத்து, நன்றாகக் கத்து. நீளத் திருப்புளியை எடுத்து முனையை முதல் மோட்டாரின் பேரிங் மூடி மேல் ஊன்றி, பிடியை, ஐயோ, கை, பார், தானாக வலது பக்கம் போகிறது, பதினோரு வருடப் பழக்கம், இல்லை சுகந்தி, இந்தப் பக்கம், இடது காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் பிடியை வைத்து ஸ்விட்சைத் தட்டினேன். ஒன்று ஓடுகிறது. உறுமல், மின்சாரத்தின் உறுமல், அதற்கு மேல் பேரிங்கின் மெல்லிய சலசலப்பு, அரிசி களைகிற மாதிரி, நல்ல சலசலப்பு. ஸ்விட்சை அணைத்தேன். காதை எடுக்கவில்லை. உறுமல் பட்டென்று போயிற்று, மின்சாரம் போனால் அது போய்விடும், சலசலப்பு மட்டும் சுற்றிச் சுற்றித் தளர்ந்து இறங்கி ஓய்ந்தது. சுத்தம். ஒன்று நல்ல மோட்டார். கிரிதரன் சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

இரண்டுக்குத் திருப்புளியை வைக்கும்போது தாடை எலும்பு லேசாக வலிக்கிறது, அது வலியா, ஞாபகமா, ஆகஸ்டில் இந்த இடம்தான் வீங்கியது, எலுமிச்சம்பழம் அளவு. எனக்கு முன்னால் மகள் நிரஞ்சனாவுக்கு வந்தது. மூன்றாம் வகுப்பு படிக்கிறவள், பள்ளிக்கூடத்திலிருந்து கன்னம் இரண்டும் உப்பி வந்து நின்றாள், பொன்னுக்கு வீங்கி, அவள் வகுப்பில் ஆறு பிள்ளைகளுக்கு இருந்ததாம். பக்கத்து வீட்டு அக்கா கழுத்தில் பொன் போட்டால் வடிந்துவிடும் என்றார், நம்பினேனா இல்லையா தெரியாது, சங்கிலியைக் கழற்றி மகள் கழுத்தில் போட்டேன், அவள் அந்தக் காய்ச்சலிலும் கண்ணாடி முன்னால் நின்று கல்யாணப்பெண் மாதிரித் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பத்து நாளில் அவளுக்கு வடிந்தது, கொஞ்ச நாளில் எனக்கு வீங்கியது. பெரியவர்களுக்கு வந்தால் கஷ்டம் என்றார்கள், சரி, படுத்துக் கிடந்தால் போகும் என்று நினைத்தேன், ஆறாம் நாள் காலையில் எழுந்து கால் ஊன்றினால் சுவர் என் மேல் சாய்கிறது, வாந்தி, வலது காதில் பஞ்சு அடைத்த மாதிரி, அந்தப் பஞ்சுக்குள்ளே இந்த விசில். தண்ணீர் போயிருக்கும் என்று தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்தேன், குதித்துக் கீழே விழுந்தேன், எண்ணெய் காய்ச்சி விட்டேன், என்னென்னவோ செய்தேன், டாக்டரிடம் மட்டும் போகவில்லை. பன்னிரண்டு நாள் கழித்துத்தான் போனேன். கண்ணாடி அறையில் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள், வெகுநேரம் அழுத்தாமல் உட்கார்ந்திருந்தேன், இன்னும் ஆரம்பிக்கவில்லை போல என்று நினைத்துக்கொண்டு. பிறகு தாளைக் காட்டினார் டாக்டர், இடது காதின் கோடு சமதரையில் நடப்பது போல் நேராகப் போயிற்று, வலது காதின் கோடு கிணற்றுப் படி மாதிரி இறங்கிப்போயிற்று. உள்காது கெட்டுவிட்டது, திரும்ப வருவது கஷ்டம், இரண்டு மூன்று நாளில் வந்திருந்தால் மருந்து கொடுத்துப் பார்த்திருக்கலாம், அப்போதும் உறுதி சொல்ல முடியாது என்றார். அப்போதும் உறுதி சொல்ல முடியாது. அந்த ஒரு வாக்கியத்தை எத்தனை நாள் பிடித்துக்கொண்டு தொங்கினேன், பாதி ராத்திரியில், பஸ்ஸில், பேக்கிங்கில் டேப் இழுக்கும்போது, அப்போதும் உறுதி சொல்ல முடியாது, அப்போதும் உறுதி சொல்ல முடியாது. விசில் வெளியே இல்லை, காது செய்தி அனுப்பாததால் மூளை தானே இட்டுக்கட்டிச் சொல்கிறது, அவ்வளவுதான், பழகிவிடும் என்றார். பழகுவதா. ஓடுகிறது இரண்டு, ஓடி அணைந்து இறங்குகிறது, கவனி, எங்கே போய்விட்டாய், அரிசிச் சலசலப்பு, நடுவில் கம்ப்ரஸர் சேர்ந்துகொண்டது, இன்னொரு தரம் போடு. கிரிதரன் சார் நெற்றியைச் சுருக்கினார், பரவாயில்லை, இன்னொரு தரம். சுத்தம்தான்.

மூன்று. போட்ட உடனே ஒரு கூர்மை. இதோ. இதோ இருக்கிறது. இல்லை, பொறு, உன் விசிலும் இதே உயரத்தில்தான் இருக்கிறது, இதே குரலில்தான் உன்னை ஏமாற்றியது. விடுப்பு முடிந்து வந்த அன்று பதினோரு மோட்டாரை ஒதுக்கினேன், ஒவ்வொன்றிலும் கீச்சென்று ஒரு கூர்மை, கிரீஸ் வறண்ட பேரிங்கின் அசல் குரல், இந்த லாட்டே சரியில்லை அண்ணா என்று அதிகாரமாக வேறு சொன்னேன், பதினொன்றையும் பிரித்தார்கள், பதினொன்றும் புத்தம் புதுசாக எண்ணெய் மினுமினுப்போடு இருந்தது. யாரும் திட்டவில்லை. சென்னியப்பன் அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் பேரிங்குகளைத் துணியில் துடைத்துத் துடைத்து அடுக்கினார். அதற்குப் பதில் திட்டியிருக்கலாம். மறுநாள் பேக்கிங். என் காது சொல்வதை நானே நம்ப முடியாது என்றால் வேறு எதை நம்புவது, அந்த வாரம் பால் பொங்குகிற சத்தமும் நிஜம்தானா என்று போய்ப் பார்த்துவிட்டு வருவேன். நிரஞ்சனா ஒரு நாள் தலை பின்னும்போது, "என்கிட்டயிருந்துதான வந்துச்சு உனக்கு?" என்று கேட்டாள், அதுவும் வலது பக்கமிருந்து கேட்டாள், எனக்குச் சரியாக விழவில்லை, திரும்பக் கேட்டேன், திரும்பச் சொல்லும்போது அழுதுவிட்டாள். டெஸ்டிங்குக்குத் திரும்புவது என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன் என்று சொன்னால் பொய், அன்றைக்கு நானும் சேர்ந்து அழுதேன், அவ்வளவுதான். நடந்தது அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிரைண்டரில் மாவு, நான் பக்கத்தில் நின்று எதையோ நினைத்துக்கொண்டு ஸ்விட்சை அணைத்தேன், வழக்கமாக அணைத்தவுடன் நகர்ந்துவிடுவேன், அன்று நகரவில்லை. கிரைண்டர் சத்தம் சறுக்குமரத்தில் குழந்தை இறங்குகிற மாதிரி இறங்கிப் போய் நின்றது. என் விசில் இறங்கவில்லை. பஸ் கிளம்பிப் போன பிறகு ஸ்டாப்பில் ஒற்றை ஆள் நிற்கிற மாதிரி அது அப்படியே நின்றது. மறுபடி போட்டேன், அணைத்தேன். வெளியில் இருக்கிற எந்தச் சத்தமும் ஓட்டம் நின்றால் இறங்கும், உள்ளே இருக்கிறது இறங்காது. இவ்வளவுதானா, இவ்வளவு சின்ன விஷயமா. பதினாலு தரம் போட்டு அணைத்தேன், நிரஞ்சனா ஓடி வந்து எண்ணினாள், மாவு சூடேறி மறுநாள் இட்லி கல்லாக வந்தது, என் வீட்டுக்காரர் மயில்சாமி பேக்கரியில் மாஸ்டர், மாவு விஷயத்தில் அவரிடம் எதையும் மறைக்க முடியாது, ஒரு இட்லியைப் பிட்டுப் பார்த்துவிட்டு என்ன பண்ணினாய் என்று கேட்டார், சொன்னேன், இரண்டாவது இட்லியையும் எடுத்துச் சாப்பிட்டார். அதன் பிறகு மிக்ஸி, மின்விசிறி, மொட்டைமாடித் தண்ணீர் மோட்டார், அவருடைய பேக்கரி மாவு பிசைகிற மிஷின், இரண்டரை மாதம், அணைத்து அணைத்துக் கேட்டேன். இப்போது மூன்றை அணைக்கிறேன். உறுமல் போயிற்று. கூர்மை இருக்கிறது, இருக்கிறது, இறங்குகிறது, இறங்குகிறது, கீழே வந்து முனகி நிற்கிறது. மேலே என் விசில் தனியாக. இரண்டும் வேறு, இரண்டும் வேறு. சாக்பீஸால் மூன்றின் மேல் பெருக்கல் குறி போட்டேன், கோடு கோணலாக விழுந்தது, விழட்டும்.

கண்டுபிடித்தாயிற்று, ஒன்றுதான் கெட்டது என்று சொல்லியிருக்கிறார்கள், கிரிதரன் சார் கடிகாரத்தைக் கட்டப்போனார், நான் நான்குக்கு நகர்ந்துவிட்டேன், எனக்கு இப்போது நிறுத்தத் தோன்றவில்லை, ஐந்து மாதம் பூட்டிக்கிடந்த கதவைத் திறந்துவிட்டு வாசலோடு திரும்புவேனா. நான்கு சுத்தம். ஐந்து சுத்தம், கொஞ்சம் முரடு, புது கிரீஸ் அப்படித்தான் இருக்கும். எவ்வளவு அழகாக இருக்கிறது இந்த இறங்கும் சத்தம், இதைப் பதினோரு வருடத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை, இரண்டு காதும் நன்றாக இருந்தபோது அணைத்தவுடன் அடுத்த மோட்டாருக்குப் போய்விடுவேன். இடது காது மட்டும் போய்விடக் கூடாது. காலையில் கண் திறக்கும் முன்பே இடது காதருகே விரல்களைத் தேய்த்துப் பார்க்கிறேன், இருக்கிறதா, இருக்கிறது, பிறகுதான் எழுவேன், ஒரு சாதாரணச் சளி பிடித்தால்கூட உயிர் நடுங்குகிறது, வேண்டாம், இப்போது அந்தப் பக்கம் போகாதே. ஆறு. ஓடும்போது நல்ல மோட்டார், வெண்ணெய் மாதிரி ஓடுகிறது, அணைத்தேன், இறங்குகிறது, இறங்கி முடியப்போகிற கடைசி இரண்டு மூன்று சுற்றில் டிக். என்ன அது. மறுபடி போட்டேன். அணைத்தேன். சென்னியப்பன் அண்ணன் என் வலது பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார் போல, ஏதோ சொல்லியிருக்கிறார், எனக்குத் தெரியவில்லை, மேசையைச் சுற்றி இடது பக்கம் வந்து, "ஆஃப் பண்ணிப்போட்டு என்னத்தக் கேக்கறே அம்மிணி?" என்றார். "ஆஃப் பண்ணுனாத்தானுங்கண்ணா எனக்குக் கேக்குது" என்றேன். இன்னொரு தரம் போட்டு அணைத்தேன். டிக். ஒரு சுற்றுக்கு ஒரு தரம், வளையல் கதவில் படுகிற அளவுக்குச் சின்னச் சத்தம். ஆறின் மேலும் குறி போட்டேன். ஏழும் எட்டும் சுத்தம். திருப்புளியைக் கீழே வைத்தபோது இன்னும் ஒரு நிமிடம் மிச்சமிருந்தது.

கிரிதரன் சார் இரண்டு குறிகளையும் பார்த்தார். ஒன்றுதானே என்று சொன்னோம் என்றார். அவர் கெட்டவர் இல்லை, சின்ன வயது, படித்தவர், காதை நம்பி ஒரு கம்பெனி நடக்கலாமா என்பது அவர் கேள்வி, அலமாரியிலிருந்து அதிர்வு பார்க்கிற மீட்டரை எடுத்து வந்து ஆறின் மேல் வைத்து ஓட்டிக் காட்டினார், முள் பச்சைக்குள்ளேயே நின்றது. மூன்றில் வைத்தார், சிவப்புக்குப் போயிற்று. மூன்றில்தான் காலையில் பழைய பேரிங் போட்டு வைத்தேன் என்றார் சென்னியப்பன் அண்ணன், சரியாகச் சொல்லிவிட்டாய், ஆறை அழித்துவிடு, நாளைக்கே இங்கே வந்துவிடலாம் என்றார் கிரிதரன் சார், அவருக்கும் சந்தோஷம்தான், முகத்தில் தெரிந்தது. அழித்துவிடு. உள்ளங்கையால் ஒரு தேய்ப்பு, அவ்வளவுதான், ஜெயித்தாயிற்று, மயில்சாமியிடம் சொல்லலாம், நிரஞ்சனாவிடம் சொல்லலாம். கையை ஆறின் மேல் கொண்டுபோய்விட்டேன். பதினொன்று. பன்னிரண்டாவதாக இதுவும் மினுமினுவென்று வெளியே வந்தால் என்ன செய்வேன், சென்னியப்பன் அண்ணன் மறுபடி துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தால். விசில் இப்போது மண்டை முழுக்க அடிக்கிறது. டிக் நிஜமாகவே கேட்டதா, மூளை விசிலை இட்டுக்கட்டுகிறது என்றால் ஒரு டிக்கை இட்டுக்கட்ட எவ்வளவு நேரமாகும். ஆனால் அது சுற்றுக்கு ஒன்றாக வந்தது, சுற்றுத் தளரத் தளர இடைவெளி அகன்றது, என் மூளைக்கு ஷாஃப்ட் எப்போது தளர்கிறது என்று எப்படித் தெரியும். தெரியாது. அதற்குத் தெரியாது. அது மோட்டாரிலிருந்துதான் வந்தது. கையை எடுத்துக்கொண்டேன். "ஆறையும் பிரிச்சுப் பாத்துருங்க சார்" என்றேன், குரல் எவ்வளவு சத்தமாக வந்தது என்று எனக்கே தெரியவில்லை, வைண்டிங்கில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் நிதானமாக, நல்லாயிருந்துச்சுன்னா என்றார். நல்லாயிருந்தால் நான் பேக்கிங்கிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொன்னேன், சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது.

சென்னியப்பன் அண்ணன் பிரித்தார். முன்பக்க பேரிங் முதலில் வந்தது, விளக்கடியில் பிடித்துச் சுற்றினார், நல்ல பேரிங், கிரிதரன் சார் என்னைப் பார்க்காமல் மீட்டரை உறையில் போட்டார், அது எனக்காகச் செய்த மரியாதை என்று தெரிந்தது. பின்பக்கம் ஃபேன் இருக்கிற பேரிங் இறுக்கமாக இருந்தது, புல்லரைப் போட்டு இழுத்தார், வந்தது, துடைத்தார், சுற்றினார், காதருகே வைத்துச் சுற்றினார், தலையை ஆட்டினார், ஒன்றும் இல்லை என்கிற மாதிரித்தான் ஆட்டினார். நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு, குண்டுகளைப் பிடித்திருக்கும் தகட்டுக் கூட்டை நகத்தால் நெருடி நெருடிச் சுற்றி வந்தார், ஓரிடத்தில் நகம் நின்றது. முடி கனத்தில் ஒரு விரிசல். அதன் ஒரு முனை இம்மியளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கிரிதரன் சாரிடம் நீட்டினார், அவர் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்துக்குப் போய், திருப்பித் திருப்பிப் பார்த்தார். இது எந்த லாட் என்று கேட்டார். நேற்று வந்த பேரிங் பெட்டி, அதே பெட்டியிலிருந்து நாற்பது மோட்டாருக்கு மேல் போட்டாயிற்று, வண்டியில் ஏற்றியாயிற்று, சாயங்காலம் கிளம்புகிறது என்றார் சென்னியப்பன் அண்ணன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு கிரிதரன் சார் வேகமாக வெளியே போனார், போகிற போக்கில் எனக்கு ஏதோ சொன்னார், வலது பக்கமாகப் போனதால் விழவில்லை, சென்னியப்பன் அண்ணன்தான் இந்தப் பக்கம் வந்து திருப்பிச் சொன்னார். "நாளைக்கெல்லாம் இல்ல, இப்பவே அந்த நாப்பதையும் கேட்டுச் சொல்லுவியாமா." அவர் அந்த பேரிங்கைத் துணியில் துடைக்கவில்லை. அப்படியே என் உள்ளங்கையில் வைத்தார், கிரீஸோடு.

நாற்பது. ஒன்றுக்கு ஒரு நிமிடம் வைத்தாலும் முக்கால் மணி நேரம், இரண்டு தரம் கேட்டால் ஒன்றரை மணி, கேட்கிறேன், நானூறு இருந்தாலும் கேட்கிறேன், பையன்கள் வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்க ஆரம்பித்துவிட்டார்கள், அதில் பாதிப் பெட்டிக்கு நேற்று நானே டேப் ஒட்டினேன், இப்போது கிழிக்கிறார்கள், கிழிக்கட்டும். சிரிப்பை அடக்க வேண்டியதில்லை, யாரும் பார்க்கவில்லை. இரண்டு நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன், மயில்சாமி இந்நேரம் பன் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார், கையெல்லாம் மாவாக இருக்கும், எடுப்பாரோ மாட்டாரோ, எடுத்தார், திரையில் நிமிடம் ஓட ஆரம்பித்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் சொன்னேன், மூன்று, ஆறு, மீட்டர், அழித்துவிடு என்றது, அழிக்காதது, விரிசல், நாற்பது, எல்லாம் ஒரே மூச்சில். முடித்துவிட்டுக் காத்திருந்தேன். பதில் இல்லை. கேட்டாரா, கட்டாகிவிட்டதா, திரையைப் பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. மறுபடி வைத்தேன். விசில், விசில் மட்டும். ஏன் பேசமாட்டேன் என்கிறார், அழுகிறாரா, அவர் அழுகிற ஆள் இல்லையே, பேசுங்க என்றேன், ஏனுங்க, பேசுங்க. ஒன்றுமில்லை. அப்புறம்தான் கை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தேன். பழைய கை, பழைய பக்கம். இடது காதுக்கு மாற்றினேன், அவர் பாதிப் பேச்சில் இருந்தார், குரல் ஒருமாதிரி உடைந்து, பின்னால் மாவு பிசைகிற மிஷின் ஓட, நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருந்தார், எவ்வளவு நேரமாகவோ.

"ஏனுங்க" என்றேன், "இந்தப் பக்கம் வந்துட்டேன். மொதல்ல இருந்து சொல்லுங்க."